பலெர்மோவில் நாற்பது நிமிஷம்

எட்டே முக்காலுக்கு இறங்குவது, ஒன்பதுக்கு லிஃப்ட் என்று எழுதிவிட்டுக் கோதைநாயகி பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். கப்பல் வாலெட்டா துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நுழைகிற மாதிரியே இல்லை. கப்பல் நின்றது நின்றபடி இருக்க, பன்னிரண்டாம் தளத்துச் சாப்பாட்டுக்கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே கோட்டைகள்தாம் மெல்ல நகர்ந்து வந்து இரண்டு பக்கமும் நின்றுகொண்டன. நாட்டுச்சர்க்கரை நிறத்துக் கல். மதிலும் அந்த நிறம், மாடி வீடும் அந்த நிறம், மாதா கோயில் கூம்பும் அந்த நிறம். ஊரை மொத்தமாக ஒரே பாறையில் குடைந்து எடுத்தவன் ஆட்களை வைக்க மறந்துபோன மாதிரி. காலை ஏழு மணிக்கு ஓர் ஊரில் ஒரு ஆள்கூடவா நடமாடமாட்டான்? பால்காரன், பேப்பர்காரன், ஒரு நாய். நாய்கூடக் காணோம். இருக்கும், இவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது. துறையிலிருந்து ஊருக்கு ஏற்றிவிடும் அந்த லிஃப்டில் ஏறினால் மேலே தோட்டம், தோட்டத்தின் ஓரத்தில் கைப்பிடிச் சுவர். அந்தச் சுவர் இடுப்பளவா, முழங்காலளவா என்று, ஊரைப் பற்றி ராத்திரியெல்லாம் போனில் படித்த எதிலும் போடவில்லை. தோட்டம் அரை மணி என்று எழுதினாள். பக்கத்திலேயே, கையைப் பிடித்துக்கொண்டு, என்று எழுதினாள். யார் கையை யார்? அதை அடித்தாள். அடித்தது எழுதியதைவிடப் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்தால், எதிரே உட்கார்ந்திருந்த மகள் மிதிலா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளையல்ல, கோட்டையையல்ல, முகத்தை. ஆறு வயதுப் பிள்ளை அப்படி உட்காரக் கூடாது.

அவள் புருஷன் நாச்சிமுத்து ஆம்லெட் வரிசையில் நின்றுகொண்டு முன்னால் நின்ற ஈரோட்டுக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். காங்கயத்தில் அவருக்குப் பம்ப்செட் கடை. இந்த வருஷம் மோட்டார் அதிகம் விற்ற பதினோரு டீலர்களைக் கம்பெனி குடும்பத்தோடு இந்தக் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தது. மற்ற பத்துக் குடும்பமும் இன்றைக்குக் கொடி பிடித்த வழிகாட்டியோடு பஸ்ஸில் போகிறார்கள். நாமும் அவர்களோடேயே போய்விடலாம் என்றுதான் அவர் சொன்னார். "முந்தாநேத்துப் பட்டது போதும் கோதை. தனியாச் சுத்தோணும்னு ஒண்ணுமில்ல." அவள்தான் கேட்கவில்லை. "இல்லீங்க. நான் பிளான் போடறனுங்க. நிமிஷத்துக்கு நிமிஷம் போட்டர்றன்." பஸ் என்றால் ஐம்பது பேர். ஐம்பது பேருக்கு நடுவில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் விட்டுவிட்டு ஏறிவிடலாம். தலை எண்ணுவார்கள், சரியாக இருக்கும், பஸ் கிளம்பிவிடும், தலை எண்ணிக்கை மட்டும்தான் சரியாக இருக்கும். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "ஒரு செகண்டு கைய விட்ட. எந்தத் தாய்க்கும் நடக்கறதுதான். அதயே நெனச்சு உருகிட்டிருக்காத." ஒரு செகண்டு. அந்த வார்த்தையை அவருக்குக் கொடுத்தவள் அவள்தான். முந்தாநாள் கப்பல் நின்ற பலெர்மோவில், தெருவில் மூச்சிரைக்க ஓடிவந்தவரிடம் ஒரு செகண்டுதானுங்க கைய விட்டேன் என்று அழுதாள். அழுதது நிஜம். அவர் அந்த வார்த்தையை இரண்டு நாளாகப் பத்திரமாக வைத்திருந்து, அவள் கலங்கும்போதெல்லாம் எடுத்து நீட்டுகிறார்.

லிஃப்டுக்குப் பிறகு என்ன? தோட்டத்திலிருந்து பெரிய மாதா கோயில், நடந்து எட்டு நிமிஷம். தெருவெல்லாம் நேர்க்கோடு. எந்தத் தெருவில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் முடிவில் கடல் தெரியுமாம். அது நல்லதுதான், தொலையவே முடியாத ஊர் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். தொலையவே முடியாத ஊர். ஆனால் வீடுகளுக்கெல்லாம் மரத்தால் அடைத்த பால்கனியாம், பச்சையும் சிவப்புமாய்ப் பெட்டி பெட்டியாகச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு, உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. ஒருவர் தெருவில் என்ன செய்தாலும் மேலே ஒரு ஜோடிக் கண் பார்த்திருக்கும். பன்னிரண்டு மணிக்குக் கோட்டையில் பீரங்கி சுடுவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று போட்டிருந்தது. பீரங்கி வேண்டாம். சத்தத்தில் எல்லாரும் திடுக்கிட்டுக் கையை உதறுவார்கள். பன்னிரண்டு மணிக்கு வெளியில் இருப்பதே வேண்டாம், எங்காவது உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும். உச்சி வேளையில் பிள்ளையைத் தனியாக விட்டால் காத்துக் கருப்பு அண்டும் என்பார்கள் ஊரில். அண்டுவது என்றால் எப்படி? பிள்ளைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளுமா, பிள்ளையை எடுத்துக்கொண்டு பிள்ளை மாதிரியே ஒன்றை வைத்துவிட்டுப் போகுமா? பன்னிரண்டு முதல் இரண்டு வரை சாப்பாடு, உள்ளே, என்று எழுதினாள். அடியில் கோடு போட்டாள்.

"மிதிலா, பால் குடி சாமி."

"குடிக்கறனுங்க."

அதுதான். அந்த 'ங்க'. முந்தாநாள் காலைவரை நீ, வா, போ, ம்மா, ம்மோவ். சென்னிமலைக் கோயிலுக்கு எத்தனை முறை படியேறினோம், எத்தனை ஆஸ்பத்திரி, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த பிள்ளை, நீ வா போ என்றாலும் காதுக்குத் தேன் என்று இருந்துவிட்டாள். பலெர்மோவில் தொலைந்து கிடைத்த அந்தப் பொம்மைக் கடையிலிருந்து வெளியே வந்ததிலிருந்து வாங்க, போங்க, சொல்லுங்க. நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம். "மரியாத பழகிட்டா பாரு. பயம் ஒரு நாளைல எத்தனை சொல்லிக் குடுக்குது." பழகிக்கொண்டது அது மட்டுமா? விரல் சூப்புவதில்லை. வேப்பெண்ணெய் தடவியும் நிற்காதது, தானாக நின்றுவிட்டது. நேற்று முழுக்கக் கடல், இறங்க ஊர் கிடையாது, நாலு தடவை அவளே பாத்ரூமுக்குப் போய் அவளே கழுவிக்கொண்டு வந்தாள். கழற்றிய கவுனை நாலாக மடித்து வைத்தாள், விளிம்பு விளிம்போடு சேர. தட்டில் வைத்ததெல்லாம் தின்கிறாள், அந்த உப்புக் கரிக்கிற ஆலிவ் காயைக்கூட, முகம் சுளிக்காமல், ஒவ்வொன்றாக, கொட்டையைத் துப்பித் தட்டோரத்தில் வரிசையாக வைத்து. நேற்று மதியம் தூங்கினாள், கோதைநாயகி குனிந்து பார்த்தாள், மூடிய இமைக்குள் விழி ஓடிக்கொண்டிருந்தது, தூங்குகிற பிள்ளையின் விழி அல்ல அது, தூங்குகிற மாதிரி இருப்பவளுடையது. குளிக்க வைக்கும்போது இடது காதுக்குப் பின்னால் தேடினாள். மச்சம் இருந்தது. இருந்தது, ஆனால் கொஞ்சம் கீழே இறங்கியிருந்த மாதிரி. மச்சம் இறங்குமா? முன்பு எங்கே இருந்தது என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. ஒன்பது வருஷம் தவங்கிடந்து பெற்ற பிள்ளையின் மச்சம் எங்கே இருந்தது என்று ஒரு தாய்க்குத் தெரியாமல் போகுமா? சோப்பு நுரையோடு பிள்ளை அசையாமல் நின்றது, தேடி முடிக்கட்டும் என்று.

அந்தப் பொம்மைக் கடைக்காரி ஒன்றும் செய்திருக்கமாட்டாள். நல்ல பெண்பிள்ளை, நரை முடி, கையெல்லாம் பெயிண்ட். தகரக் கவசம் போட்ட மரப் பொம்மைகள் கூரையிலிருந்து கம்பியில் தொங்கின, ஆளுயரத்தில் பாதி. மிதிலா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் இன்னும் கண் திறக்காத ஒரு பொம்மைத் தலை. அழவில்லை. நாச்சிமுத்து வாரி எடுத்து ஓவென்று அழுதார், பிள்ளை அவர் தோளுக்கு மேலாகக் கோதைநாயகியைப் பார்த்து, "வந்துட்டீங்களா," என்றது. ஒரு பெரிய மனுஷி விருந்தாளியைக் கேட்கிற மாதிரி. அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. நாற்பது நிமிஷம் ஒரு பிள்ளையை மாற்றப் போதுமா? ஆமாம், போதும், எத்தனையோ கதை கேட்டிருக்கிறாள். இல்லை, இதென்ன பைத்தியக்காரத்தனம், பி.எஸ்சி. படித்தவள். நாற்பது நிமிஷமும் தேடவில்லை. தேடியது முப்பது. அதற்கு முன்னால் ஒரு பத்து. அந்தப் பத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு செகண்டு என்று அவள் சொன்னதற்கும் முப்பது நிமிஷம் தேடியதற்கும் நடுவில் அந்தப் பத்து நிமிஷம் எந்தக் கணக்கிலும் சேராமல் நிற்கிறது.

மாதா கோயிலுக்குப் பிறகு படகு. துறைமுகத்தைக் குறுக்காகக் கடக்கச் சின்னப் படகு விடுகிறார்கள். படகில் மிதிலா நடுவில், நாச்சிமுத்து இடது, நான் வலது. ஏன் நான் வலது? பத்து நிமிஷம். பலெர்மோவில் அன்று காலை விழித்ததிலிருந்து மிதிலா ம்மா, ம்மா, ம்மா. செருப்புக் கடிக்குதும்மா, தண்ணிம்மா, தூக்கும்மா, அது என்னம்மா, ஏம்மா. "இன்னொரு வாட்டி அம்மான்னு கூப்பிட்டீன்னா நான் எங்கியாச்சும் போயிருவன்," என்றுகூடச் சொன்னாள், எல்லாத் தாயும் சொல்வதுதான். நாச்சிமுத்து போனுக்கு சிம் வாங்கப் போயிருந்தார். பன்னிரண்டரை மணி. ஒவ்வொரு கடையாக ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவில் நிழல் என்பதே இல்லை. பொம்மைக் கடை ஜன்னல் முன்னால் மிதிலா கையை உருவிக்கொண்டு நின்றுவிட்டாள், கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து. கோதைநாயகி நாலு எட்டு போய்த் திரும்பினாள். பிள்ளையின் முதுகு. ரெட்டைச் சடை, ரிப்பன். கூப்பிட வாய் திறந்தாள். கூப்பிடவில்லை. முதுகு பேசாமல் இருந்தது. முதுகு எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு சந்து திரும்பியது, அதற்குள் போனாள். அவ்வளவுதான். கை வீசி நடந்தாள். கை இரண்டும் எவ்வளவு லேசாக இருந்தன, தோளிலிருந்து எதையோ கழற்றி வைத்துவிட்ட மாதிரி. சந்துக்குள் ஒரு காப்பிக் கடை இன்னும் மூடாமல் இருந்தது. நின்றபடியே ஒரு காப்பி குடித்தாள். சூடாக, முழுசாக, யாருக்கும் ஊதிக் கொடுக்காமல். கடைக்காரன் ஏதோ கேட்டான், சிரித்தாள். அவன் அவளைத் தனி ஆள் என்று நினைத்திருப்பான். அவளும்தான். திரும்பி வந்தபோது ஜன்னல் முன்னால் வெறும் வெயில். அப்போது நெஞ்சு அடைத்தது, அலறினாள், ஓடினாள், எல்லாம் நிஜம். ஆனால் அடைப்பதற்கு முன்னால், கண் இமைக்கிற நேரத்துக்குள், ஒன்று வந்து போனது. என்னவென்று பார்க்கக் கூடாத ஒன்று. அந்த வெறும் இடத்தைப் பார்த்ததும் மூச்சு தாராளமாக உள்ளே போனது. அதைத் தெய்வம் பார்த்திருக்கும். பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்ததா? ஊம் என்றால் ஊம், உட்கார் என்றால் உட்கார்.

கப்பல் துறையோடு சேர்ந்து ஒருமுறை நடுங்கி நின்றது. கரண்டிகள் தட்டில் கிணுகிணுத்தன. ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஐந்து பாஷையில் எதையோ சொன்னாள், மாலை நாலரைக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. ஏறாதவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். நாலரை என்று எழுதி வட்டம் போட்டாள். மூன்றரை என்று திருத்தினாள்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?"

கேட்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் கேட்கிற பிள்ளை. "கேளு சாமி."

"இந்த ஊர்ல நான் எங்க நிக்கோணும்?"

"எங்க நிக்கோணும்னா?"

"நீங்க போயிட்டு வர்ற வரைக்கும்."

கோதைநாயகிக்குக் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்டது, கப்பல் இஞ்சின் நின்றதாலா என்று தெரியவில்லை. "நான் எங்கயும் போகலயே கண்ணு."

"முந்தாநேத்துப் போனீங்கள்ல. நான் நவுரவே இல்ல. அந்த ஆயாதான் வெயிலடிக்குதுன்னு கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க." குற்றம் சொல்கிற குரல் இல்லை. தான் செய்த தப்புக்குக் காரணம் சொல்கிற குரல்.

"அம்மா உன்னக் காணாம... ஒரு செகண்டு..."

"நீங்க பாத்தீங்க." மிதிலா மெதுவாகச் சொன்னாள், பெரியவர்கள் மறந்துபோனதை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. "கடைக் கண்ணாடில தெரிஞ்சுதுங்க. திரும்பி நின்னு என்னப் பாத்தீங்க. வாயத் தொறந்தீங்க. அப்பறம் அந்தப் பக்கமாப் போயிட்டீங்க."

"கூப்பிட்டிருக்கலாமே, சாமி."

"கூப்பிட்டா போயிருவன்னு சொன்னீங்கள்ல." கொஞ்சம் யோசித்தாள். "அப்பாகிட்டச் சொல்லல. அப்பா உங்களத் திட்டுவாங்க." பிறகு, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்பல்லாம் நான் தொந்தரவே பண்றதில்லைங்கள்ல?" என்று கேட்டாள்.

வேறு பிள்ளையாக இருந்திருக்கலாம். ஐயோ, வேறு பிள்ளையாகவே இருந்திருக்கலாம். காத்துக் கருப்பு கொண்டுவந்து வைத்ததாக, கடைக்காரி மாற்றிக் கொடுத்ததாக இருந்திருந்தால் சென்னிமலைக் கோயிலுக்குக் காசு முடிந்து வைக்கலாம், மந்திரிக்கலாம், அழலாம், எங்கோ இருக்கிற தன் பிள்ளையைத் தேடலாம். இது அவள் பிள்ளைதான். மச்சம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. இரண்டு நாளாக அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்து, எதைத் தின்றால் போகமாட்டாள், எதை மடித்தால் போகமாட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருக்கிறது. மூடிய இமைக்குள் ஓடிய விழி எதைத் தேடியது என்று இப்போது தெரிந்தது. அறைக் கதவு திறக்கிற சத்தத்தை. எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று தோன்றியது. தொட்டால் அதற்கும் ஏதாவது அர்த்தம் பண்ணிக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தது. உட்கார்ந்தபடியே சொன்னாள்: "தொந்தரவு பண்ணு, சாமி. எத்தன வேணும்னாலும் பண்ணு. அம்மா போகமாட்டேன்."

மிதிலா அதை நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. மடியிலிருந்து வலது கையை எடுத்தாள். ஆள்காட்டி விரலைப் பால் தம்ளரின் மேல் வைத்தாள். கண்ணை அம்மா முகத்திலிருந்து எடுக்காமலே விரலால் அதைச் சாய்த்தாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தம்ளர் ஒரு கணம் விளிம்பில் நின்று யோசித்துவிட்டு விழுந்தது. பால் மேஜையில் பரந்து, தாளில் எழுதியிருந்த லிஃப்டின் மேலும் தோட்டத்தின் மேலும் படகின் மேலும் ஏறி, மூன்றரையைச் சுற்றிப் போய், கோதைநாயகியின் மடியில் சொட்டியது. மிதிலா கீழே பார்க்கவில்லை. முகத்தில் எது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் நெளியுமா, உதடு இறுகுமா. தன் முகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கோதைநாயகிக்குத் தெரியவில்லை. அது அவள் கையில் இல்லை.

"ஏ மிதிலா! என்ன பழக்கம் இது?" நாச்சிமுத்து இரண்டு தட்டோடு வந்து நின்றார். பிள்ளையின் தோள் கழுத்துக்குள் ஒடுங்கியது.

"அவளத் திட்டாதீங்க," என்றாள் கோதைநாயகி. "அன்னிக்கு அவ தொலையலீங்க. நான்தான் விட்டுட்டுப் போனேன்."

"அதான் ஒரு செகண்டு..."

"செகண்டு இல்லீங்க. பாத்துட்டேதான் போனேன். சந்துக்குள்ள போயி காப்பி குடிச்சேன்."

"என்ன?"

"காப்பிங்க. ஒரு காப்பி குடிச்சேன்."

அவர் தட்டுகளைப் பாலின் மேலேயே வைத்தார். அவளைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார், பிள்ளை ஆமாம் என்று தலையாட்டவுமில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. காகிதக் கைத்துடைப்பான் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். பூராவும் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது பதினொன்று ஆகிவிட்டது. லிஃப்டில் ஏறினார்கள், தோட்டத்தில் நிற்கவில்லை, எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. நாச்சிமுத்து தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்தார். நேர்க்கோட்டுத் தெரு படிப்படியாகக் கடலைப் பார்த்து இறங்கியது. மரப் பால்கனிகள் இரண்டு பக்கமும் மூடிக் கிடந்தன, ஒரு பலகைக்குப் பின்னால் ரேடியோ முனகியது, ஆள் இல்லை. மிதிலா இரண்டு பேருக்கும் முன்னால் போனாள். குறுக்குத் தெரு வந்ததும் நின்றாள்.

"அம்மா, இங்கயே நில்லுங்க."

"சரி."

"நான் வர்ற வரைக்கும் நவுரக் கூடாது."

"நவுர மாட்டேன்."

மிதிலா மூலையில் திரும்பி மறைந்தாள். நாச்சிமுத்து பதறி ஓடினார். மூலைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார், பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரிகிறது போல. அவர் சட்டையின் ஒரு கை மட்டும் கோதைநாயகிக்குத் தெரிந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. வெயில் நேர் மேலே வந்துகொண்டிருந்தது, அவள் நிழல் அவள் காலடியில் சுருண்டது. எவ்வளவு நேரம் என்று பார்க்கக் கையைத் தூக்கவில்லை. ஒரு கிழவர் இறங்கி வந்தார், அவளைச் சுற்றிக்கொண்டு போனார். மேலே ஒரு பலகை கிறீச்சென்று திறந்து மூடியது. கழுத்தில் வேர்வை இறங்கிற்று. அவள் துடைக்கவில்லை. அப்புறம் மூலைச் சுவரோரத்தில், இடுப்பு உயரத்தில், பாதி முகம் வந்தது. ஒரு கண். அது அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தது, செருப்புவரை பார்த்தது, மறைந்தது.

கோதைநாயகி நின்றாள்.